மலைக்கு ஓர் அளவு, கீழுக்கு ஓர் அளவு

கமலா ஆரஞ்சின் தோலை விளிம்பில் மடித்துப் பிழிந்தால் கண்ணுக்கே தெரியாத ஒரு சாரல் தெறிக்கும். சின்ன வயதில் அதைப் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் பீச்சி அழவிட்டிருக்கிறோம். ஊதிய பலூன்மேல் பட்டால் பலூன் டப்பென்று வெடிக்கும். மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் பிழிந்தால் பொறி பொறியாகப் பறக்கும். ஆரஞ்சின் மணம் என்று நாம் சொல்வதெல்லாம் அந்தச் சாரல்தான். சுளையில் இனிப்பும் புளிப்பும் சாறும் இருக்கின்றன. மூக்கு அறிகிற ஆரஞ்சு, தோலின் மேல்பரப்பில் ஊசிமுனை அளவே உள்ள எண்ணெய்ப் பைகளில் அடைபட்டிருக்கிறது. அந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் என்ற பொருள். சுளையைத் தின்றுவிட்டுத் தோலைக் குப்பையில் எறிகிறவர் பாதிப் பழத்தைத்தான் தின்றிருக்கிறார் என்பது என் பெரியம்மாவின் கட்சி. அந்த மீதிப் பாதியை வைத்துத்தான் அவர் கேக் செய்தார்.

பெரியம்மாவுக்குச் சொந்த ஊர் பழனி மலையின் கீழ்மலைப் பக்கம், பண்ணைக்காட்டுக்கு அருகே. காப்பிச் செடிகளுக்கு நடுவே மிளகு படர்ந்த சில்வர் ஓக் மரங்கள், மலைவாழை, அங்கங்கே கமலா ஆரஞ்சு மரங்கள் என்று கலந்து நிற்கும் தோட்டங்கள் உள்ள ஊர் அது. பெரியப்பா இறந்த பிறகு அவர் கொடைக்கானலுக்கு ஏறி, ஒரு பங்களாவின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி அந்த மலையில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அவர்களோடும் அவர்களுக்குப் பின் வந்தவர்களோடும் வெண்ணெயும் முட்டையும் மைதாவும் சேர்ந்த கேக்குகள் மலையேறின. அவற்றைச் சுட்ட கைகளில் பல இந்த மலைக் கிராமங்களிலிருந்து போன கைகள். பெரியம்மாவின் கையும் அவற்றில் ஒன்று. பள்ளி விடுமுறைக்கு வத்தலக்குண்டில் பஸ் மாறி மேலே போய் அவரோடு தங்குவேன். பங்களாவுக்குப் பின்னால் இருந்த அவருடைய இரண்டு அறை வீட்டில், அடுப்பின் மேல் தூக்கி வைக்கிற தகரப் பெட்டி ஓவன் ஒன்று இருந்தது. ஆரஞ்சுத் தோலும் ரோஸ்மேரி இலையும் சேர்த்து, ரொட்டி டின்னில் நீளமாகச் சுடும் கேக்கை அவர் தன் வீட்டுக்கென்று அதில்தான் சுட்டார்.

முதல் வேலை பழத்தைக் கழுவித் துடைப்பது. அடுத்தது துருவுவது. கமலாவின் தோல் சுளையோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கும். அழுத்தினால் உள்ளே போகும், துருவல் விழாது. பழத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, தோல் விம்மி நிற்கும் இடத்தை மட்டும் துருவியில் மெல்ல இழுக்க வேண்டும். ஓர் இடத்தில் ஓர் இழுப்பு, பிறகு பழத்தைத் திருப்பி அடுத்த இடம். நிறம் போய் வெள்ளை தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். அந்த வெள்ளைச் சதையில் கசப்பு இருக்கிறது, எண்ணெய் இல்லை.

துருவல் தட்டில் விழுந்தவுடனே பெரியம்மா அதன்மேல் சர்க்கரையைக் கொட்டிவிடுவார். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க விடமாட்டார். எண்ணெய்ப் பைகள் உடைந்துவிட்டன, இனி மணம் காற்றோடு போய்க்கொண்டே இருக்கும் என்பது அவர் கணக்கு. “வீடெல்லாம் மணந்தா கேக்கு மணக்காதுத்தா. மணத்தைப் பூராவும் சீனிக்குள்ள அடைச்சுப் போடு” என்பார். துருவலையும் சர்க்கரையையும் விரல் நுனிகளால் கசக்குவது என் வேலை. சர்க்கரையின் கூர்முனைகள் துருவலைக் கீறி, மிச்சமிருக்கும் எண்ணெயையும் வெளியே இழுக்கும். கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சர்க்கரை ஈரம் பூத்து, வெளிர் மஞ்சளாகி, விரல்களில் ஒட்டும். வாசலில் நிற்பவருக்கு வாசம் எட்டக் கூடாது, தட்டின்மேல் குனிந்தால் மட்டும் குப்பென்று ஏற வேண்டும். அதுதான் பதம்.

ரோஸ்மேரி வாசலில் மண்ணெண்ணெய் டின்னில் வளர்ந்தது. மத்தியதரைக் கடலோரத்துச் செடி, கொடைக்கானல் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் வளரும். இலை ஊசியாக, ஓரங்கள் உள்ளே சுருண்டு, அடிப்பக்கம் வெளுத்திருக்கும். குச்சியை நுனியில் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி உருவினால் இலைகள் கையோடு வந்துவிடும், விரலில் பிசின் ஒட்டும். அதைப் பொடியாக, மிகப் பொடியாக அரிய வேண்டும். முழு இலை வெந்தாலும் மெத்தென்று ஆகாது, நாக்கில் குத்தும். அளவும் கூடக் கூடாது. யூகலிப்டஸ் தைலத்தின் வாசத்துக்குக் காரணமான சினியோல் ரோஸ்மேரியிலும் இருக்கிறது. ஒரு டின் மாவுக்கு இரண்டு டீஸ்பூனுக்கு மேல் போனால் கேக்கில் தைல வாசம் தூக்கும். அரிந்த இலையும் அதே சர்க்கரைக்குள் போய், இன்னொரு தடவை கசக்கப்படும்.

இனிப்புப் பண்டத்தில் இலையா என்று என் அம்மா முதலில் முகம் சுளித்தாள். பெரியம்மா அவளை வாசலுக்குக் கூட்டிப்போய், ரோஸ்மேரியின் இளந்தண்டை ஒன்றும் துளசித் தண்டை ஒன்றும் கிள்ளிக் கொடுத்து, இரண்டையும் விரலிடுக்கில் உருட்டச் சொன்னார். இரண்டுக்கும் தண்டு உருண்டையாக இல்லை, நான்கு பட்டையாக இருந்தது. புதினாவும் கற்பூரவல்லியும் அப்படித்தான். பின்னாளில் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது, இவை எல்லாமே லேமியேசி என்ற ஒரே குடும்பம் என்று தெரிந்துகொண்டேன். எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு ஆகியவற்றோடு கறிவேப்பிலையும் வில்வமும் ரூட்டேசி என்ற இன்னொரு குடும்பம் என்றும் அங்கேதான் படித்தேன். புத்தகம் சொன்ன உறவைப் பெரியம்மா விரலால் உருட்டிப் பார்த்தே அறிந்திருந்தார்.

யோசித்துப் பார்த்தால், புளிப்புப் பழத்தையும் வாசனை இலையையும் கூட்டுவது நம் அடுப்பங்கரைக்குப் பழகிய வேலைதான். எலுமிச்சம்பழச் சாதத்துக்குக் கறிவேப்பிலை தாளிக்கிறோம். புதினாத் துவையலில் எலுமிச்சை பிழிகிறோம். வேப்பிலைக்கட்டியில் வேப்பிலையே கிடையாது. நாரத்தை இலையையும் எலுமிச்சை இலையையும் நரம்பு நீக்கி, ஓமம், மிளகாய் வற்றல், புளி, உப்பு சேர்த்து இடிக்கிறோம். பழத்தின் மணம் இலையிலும் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை உருட்டிப் பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்ட வீடுகள் நம்முடையவை. ஆரஞ்சும் ரோஸ்மேரியும் சேர்ந்த கேக்கின் முதல் துண்டை அம்மா வாயில் போட்டபோது அவளுக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன். அன்று அவள் இரண்டாம் துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சர்க்கரை தயாரானதும் வெண்ணெய். வெண்ணெயும் சர்க்கரையும் குழைவது என்பது இரண்டும் கலப்பது மட்டும் இல்லை. சர்க்கரைப் பொடிகள் வெண்ணெயைக் கிழித்துக்கொண்டு போகும்போது கோடிக்கணக்கான காற்றுக் குமிழ்கள் அதற்குள் மாட்டிக்கொள்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாக எந்தக் குமிழையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழ்களுக்குள் வாயுவை நிரப்பிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே கையால் அடித்து ஏற்றிய காற்றுதான் கேக்கின் மென்மைக்கு முதல். அந்தக் காற்றைப் பிடித்துவைக்க வெண்ணெய் அழுத்தினால் குழியும் பதத்தில், 20 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக இருக்க வேண்டும். மார்கழியில் கொடைக்கானல் வீட்டுக்குள் வெண்ணெய் கல்லாகக் கிடக்கும். கிண்ணத்தை அடுப்பங்கரைத் திண்டில் வைத்துச் சூடு காட்டுவார் பெரியம்மா. முட்டைகளை வெதுவெதுப்பான நீரில் போட்டுவைப்பார். குளிர்ந்த முட்டையை ஊற்றினால் வெண்ணெய் இறுகி, கலவை திரிந்துபோகும். கல்யாணமாகி நான் மதுரைக்கு வந்த பிறகு எல்லாம் தலைகீழாயிற்று. சித்திரையில் வெண்ணெய் மேசைமேல் வைத்த சூட்டிலேயே உருகி ஓடும். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. குளிர்ந்த நீர் வைத்த பாத்திரத்தின்மேல் கிண்ணத்தை வைத்து அடிக்கிறேன். அங்கே சூடு காட்டிப் பிடித்த அதே பதத்தை இங்கே குளிர் காட்டிப் பிடிக்கிறேன்.

மலைக்கும் கீழுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் காற்றில் இருக்கிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். கடற்கரையில் உள்ள காற்றழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குகூட அங்கே இல்லை. தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பது எத்தனை பாடு என்பது அங்கே குடித்தனம் நடத்தும் எல்லோருக்கும் தெரியும். அதே காற்றழுத்தம்தான் கேக்கையும் படுத்துகிறது. வெளியே அழுத்தம் குறைவாக இருப்பதால் மாவுக்குள் இருக்கும் வாயு கூடுதலாக விரிகிறது. மாவும் முட்டையும் வெந்து இறுகிச் சுவராக நிற்பதற்கு முன்பே குமிழ்கள் ஊதி உடைந்துவிடுகின்றன, கேக் நடுவில் குழிந்துபோகிறது. ஈரமும் சீக்கிரம் ஆவியாகிறது. ஈரம் குறைந்த மாவில் சர்க்கரையின் விகிதம் ஏறி, அது இறுகுவதை இன்னும் தாமதப்படுத்துகிறது.

பங்களாவில் இருந்த ஆங்கிலச் சமையல் புத்தகங்கள் கடல் மட்டத்து ஊர்களில் எழுதப்பட்டவை. வீட்டுக்கார அம்மையார் அளவுகளை வாசிப்பார், பெரியம்மா கேட்டுக்கொண்டு தன் கணக்கில் போடுவார். காற்றழுத்தம் பற்றி யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. “மலையில மாவு வெரசா எந்திரிச்சிரும். எந்திரிச்ச வேகத்துலயே உக்காந்துரும். பவுடரைக் கொறைச்சு, பாலைக் கூட்டி, அனலை ஏத்தணும்த்தா” என்பதுதான் அவர் விளக்கம். உயரமான ஊர்களுக்கென்று பிற்காலத்தில் நான் வாசித்த சமையல் குறிப்புகள் எல்லாமே இந்த மூன்றைத்தான் சொல்கின்றன. கூடவே சர்க்கரையையும் கொஞ்சம் குறைக்கச் சொல்கின்றன. அதையும் பெரியம்மா செய்துகொண்டுதான் இருந்தார். சர்க்கரைக் கிண்ணத்தின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்துவார்.

என் நோட்டில் இந்தக் கேக்குக்கு இரண்டு பத்தி போட்டு எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றின் தலையில் ‘மலைக்கு’ என்றும் மற்றதில் ‘கீழுக்கு’ என்றும் இருக்கும். இரண்டுக்கும் பொதுவானவை: மைதா 200 கிராம், வெண்ணெய் 175 கிராம், முட்டை மூன்று, இரண்டு பெரிய ஆரஞ்சின் தோல் துருவல், பொடியாக அரிந்த ரோஸ்மேரி இரண்டு டீஸ்பூன், சிட்டிகை உப்பு. மதுரையில் சர்க்கரை 175 கிராம், கொடைக்கானலில் 150. மதுரையில் பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், அங்கே ஒன்று. ஆரஞ்சுச் சாறு இரண்டு இடத்திலும் நான்கு டேபிள்ஸ்பூன். மலையில் அதோடு இரண்டு டேபிள்ஸ்பூன் பாலும் சேரும். ஓவன் இங்கே 170 டிகிரி, அங்கே 180.

வெண்ணெயும் மணச் சர்க்கரையும் வெளுத்துப் பொங்கும்வரை அடித்த பின், முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி அடிக்க வேண்டும். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்து, சாற்றோடு மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் வேகம் கூடாது. மாவில் ஈரம் பட்டபின் அடித்தால் பசைத்தன்மை ஏறிக் கேக் ரப்பராகிவிடும். மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலந்தால் போதும். மாவு இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக விழும். பட்டர் பேப்பர் விரித்த எட்டு அங்குல டின்னில் ஊற்றி, ஓவனில் வைத்து, முக்கால் மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். அது குறை இல்லை. மேல்தோல் இறுகிய பிறகும் உள்ளே மாவு எழும்பிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. வெடிப்பின் நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்து, மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

பெரியம்மா அதோடு விடமாட்டார். சூட்டில் மணத்தின் ஒரு பங்கு போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். மூன்று டேபிள்ஸ்பூன் சாற்றில் இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை கரைத்து, ஒரு கொத்து ரோஸ்மேரியைப் போட்டுச் சூடாக்கி, இலையை எடுத்துவிட்டு, கேக் சூடாக இருக்கும்போதே ஈர்க்குச்சியால் மேலெல்லாம் குத்தி அந்தப் பாகை ஊற்றுவார். பிறகு பேப்பரில் சுற்றி வைத்துவிடுவார். அன்றைக்கே வெட்ட யாருக்கும் அனுமதி கிடையாது. மறுநாள் பாகு உள்ளே இறங்கி, ஆரஞ்சும் இலையும் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகியிருக்கும். காலையில் கடுங்காப்பியோடு ஒரு துண்டு. கீழ்மலைக் காப்பியும் கீழ்மலை ஆரஞ்சும் ஒரே தோட்டத்து நிழலில் விளைந்தவை. இரண்டும் வாயில் சேரும்போது அத்தனை பொருத்தமாக இருக்கும்.

அந்த ஆரஞ்சு இப்போது எளிதில் கிடைப்பதில்லை என்பதைச் சொல்லும்போது எனக்குத் தாங்கமுடியாத வருத்தம் வருகிறது. கீழ்மலைத் தோட்டங்களில் கமலா மரங்கள் நோயில் விழுந்தன. அவற்றில் கொடியது பச்சையாதல் நோய். சைலிட் என்ற குட்டிப் பூச்சி பரப்பும் ஒரு பாக்டீரியா, மரத்தின் உணவு ஓடும் குழாய்களை அடைத்துவிடுகிறது. இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும், பழம் கோணிச் சிறுத்து, அடிப்பக்கம் பழுக்காமல் பச்சையாகவே நின்று கசக்கும். தாக்கப்பட்ட மரத்தைக் குணமாக்க மருந்து இல்லை. பெரியம்மாவின் தோட்டத்து மரங்களும் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயின. அந்த இடத்தில் இன்று காப்பியும் மிளகும் மட்டும் நிற்கின்றன. நோயில்லாத நாற்று வாங்கி, பூச்சியைக் கண்காணித்து, மறுபடி ஆரஞ்சு வைக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பழம் சின்னதாக, தோலில் பச்சை கலந்து, கடையில் அடுக்கிய பழங்களுக்குப் பக்கத்தில் எடுபடாமல் இருக்கும். ஆனாலும் கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையில் அதைப் பார்த்தால் நான் பேரம் பேசாமல் வாங்கிவிடுகிறேன். எண்ணெய் நிறைந்த தோல் அதனுடையது.

மதுரையில் பெரும்பாலும் நாக்பூர் ஆரஞ்சு. நல்ல பழம்தான், மணம் சற்று வேறு. ஸ்டிக்கர் ஒட்டி வரும் வெளிநாட்டுப் பழங்களின் தோலில் மெழுகு பூசியிருப்பார்கள். வெந்நீரில் தேய்த்துக் கழுவிவிட்டே துருவ வேண்டும். மாசி, பங்குனியில் ஆரஞ்சு குறைந்துவிட்டால் எலுமிச்சை. அப்போது ரோஸ்மேரியின் அளவைப் பாதியாக்கி, தைம் கிடைத்தால் அதைச் சேர்ப்பேன். மதுரை வெயிலில் ரோஸ்மேரித் தொட்டியைக் காப்பாற்றுவது கஷ்டம். பால்கனியில் துளசி மட்டும் தழைத்து நிற்கிறது. எலுமிச்சையோடு நான்கைந்து துளசி இலையை அரிந்து போட்டும் சுட்டிருக்கிறேன். கிராம்பை நினைவூட்டும் ஒரு காரம் அதில் ஏறும். பெரியம்மா இருந்தால் மோந்து பார்த்துவிட்டு, இலையைக் கூட்டவா குறைக்கவா என்று உடனே சொல்லியிருப்பார்.

போன வருடம் அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்து, “அத்தை, பெரியபாட்டி கேக்கோட அளவை அனுப்புங்க” என்றாள். இரண்டு பத்தியையும் படம் எடுத்து அனுப்பினேன். பெங்களூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், கொடைக்கானலில் பாதிகூட இல்லை. ‘கீழுக்கு’ என்ற பத்தியிலிருந்து தொடங்கு, நடுவில் குழிந்தால் மட்டும் பவுடரைக் கால் டீஸ்பூன் குறை என்று சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். அளவு சரியாக அமைந்ததும் நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, அதன் தலையில் ஊரின் பெயரை எழுது. எந்தப் பழம், எந்த இலை, எந்த மாதம் என்பதையும் எழுது.

சமையல் குறிப்பு எங்கேயும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று அச்சிட்ட புத்தகம் நம்மை நம்பவைக்கிறது. பெரியம்மா அதை நம்பவில்லை. ஒரு மலையின் உயரத்துக்கும், அதன் காப்பித் தோட்டத்துப் பழத்துக்கும், வாசலில் வளர்ந்த இலைக்கும் இசைவாக ஒரு கேக்கைத் திருத்தி அமைத்தார். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத ஒருவர் தன் கண்ணையும் மூக்கையும் கையையும் நம்பிச் செய்த அந்தத் திருத்தத்தை நான் பெரிய அறிவாக மதிக்கிறேன். அவரைப் போல மலைச் சமையலறைகளில் நின்ற எத்தனையோ பெண்களிடம் இப்படிப்பட்ட திருத்தங்கள் இருந்தன. பெரும்பாலானவை எழுதப்படவில்லை. இன்னும் உயிரோடு இருப்பவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, ஊர் பெயரோடு எழுதிவைப்பது நம் தலைமுறை செய்ய வேண்டிய வேலை. அண்ணன் மகளின் நோட்டில் ‘பெங்களூருக்கு’ என்ற பத்தி ஏறிவிட்டது. அங்கே சர்க்கரை 170 கிராம், பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், எலுமிச்சை, தைம், ஆவணி மாதம்.